தாளுக்கும் மணலுக்கும் ஒரு குணம் உண்டு: சின்னக் குழந்தைகளோடு வீட்டிலும் கொல்லையிலும் செய்து விளையாட

ஆசையாகச் செய்த காற்றாடி சுற்றாது. காகிதக் கூழ்க் கிண்ணம் மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து நிற்கும். மணல் வீடு கட்டக் கட்டச் சரியும். "உனக்குப் பொறுமையே இல்லை" என்று குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். பெரும்பாலும் பழுது பிள்ளையின் கையில் இருக்காது, நாம் எடுத்துக் கொடுத்த பொருளில்தான் இருக்கும். தாள் எந்தப் பக்கம் மடியும், மாவு ஏன் பிசுபிசுக்கும், மணல் எவ்வளவு ஈரத்தில் நிற்கும் என்பதைப் பெரியவர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும். மீதியைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும். இங்கே சொல்பவை இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானவை. வயதைப் பொறுத்து எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எதையும் தொடங்கும் முன் ஒரு சோதனை. டாய்லெட் பேப்பர் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுசாக நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்குப் போகக்கூடாது. மணி, பொத்தான், பாட்டில் மூடி, உடைந்த பலூன் துண்டு எல்லாம் இதில் அடங்கும். பொத்தான் பேட்டரி, சிறிய சக்திவாய்ந்த காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் ஆகிய மூன்றும் எந்த வயதுப் பிள்ளையின் கைவேலைப் பெட்டியிலும் வேண்டாம். விழுங்கிவிட்டால் பேட்டரி உணவுக்குழாயை அரிக்கும், இரண்டு காந்தங்கள் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், ஜெல் மணி வயிற்றுக்குள்ளேயே ஊதி அடைக்கும்.

கத்தரி பிடிக்கப் பழக்குவது

மற்ற எல்லாக் கைவேலைக்கும் இதுதான் வாசல். அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுங்கள். இரண்டரை, மூன்று வயதில் தொடங்கலாம். முனை மழுங்கிய, ஆனால் உலோக அலகு உள்ள கத்தரி வாங்குங்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் கத்தரி பாதுகாப்பானதுதான். ஆனால் அதன் இரண்டு அலகும் சரியாக உரசாது. தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். குழந்தைக்கு அன்றே வெறுத்துப்போகும்.

கட்டைவிரல் சிறிய வளையத்துக்குள், மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் பெரிய வளையத்துக்குள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, "இவர் எப்பவும் வானத்தைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டால் கை தானாகத் திரும்பும். பழகத் தரும் தாள் மெல்லியதாக இருக்கக்கூடாது. பழைய வாழ்த்து அட்டை போன்ற விறைப்பான தாளை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக நீங்களே வெட்டிக் கொடுங்கள். அந்த அகலம் ஒரே 'சரக்'கில் துண்டாகிவிடும். பத்துத் துண்டு விழுந்ததும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள், அடுத்த பட்டையைக் கேட்டுக் கை நீளும்.

அடுத்து 5 செ.மீ. அகலப் பட்டை. அதற்கு இரண்டு மூன்று வெட்டு தேவைப்படும். பிறகு நேர்கோடு, அதன்பின் வளைவு. வளைவு வெட்டும்போது கத்தரியைத் திருப்பக்கூடாது, தாளைப் பிடித்திருக்கும் கைதான் திரும்ப வேண்டும். வலக்கைப் பிள்ளை வட்டத்தை இடஞ்சுழியாக வெட்டினால் கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இடக்கைப் பிள்ளைக்கு அது வலஞ்சுழி. இடக்கைப் பிள்ளைக்குத் தனிக் கத்தரி அவசியம். வலக்கைக்கான கத்தரியை இடக்கையால் அழுத்தினால் அலகுகள் ஒன்றோடொன்று நெருங்காமல் விலகும். வெட்டத் தெரியாத குழந்தை என்று நாம் நினைப்பது பல சமயம் தவறான கத்தரி பிடித்த குழந்தையாகவே இருக்கும்.

தாள், அட்டை

ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். பக்கவாட்டில் கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். காகிதம் தயாராகும்போது அதன் இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. இழையின் போக்கில் மடித்தால் தாள் படியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், தடித்த தாளாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும். எந்தத் திசை என்று தெரியவில்லையா? தாளை மடிக்காமல் வளைத்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுவே இழைப்போக்கு.

அட்டைப்பெட்டிக்கும் இதே விதிதான், இன்னும் கறாராக. நெளி அட்டையின் உள்ளே இருக்கும் குழல்கள் ஓடும் திசையில் மடித்தால் சுலபம். குறுக்கே மடிக்க வேண்டியிருந்தால், மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து அழுத்திக் கோடு கீறி, அந்தக் கோட்டில் மடியுங்கள். பெட்டியைக் குடிசையாக்கும்போது குழல்கள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் சுவர் பாரம் தாங்கும். படுக்கையாக வைத்தால் இரண்டே நாளில் தொய்ந்துவிடும். ஜன்னல், கதவு வெட்டுவது பெரியவர் வேலை. பல்லுள்ள ரொட்டிக் கத்தி நெளி அட்டையில் வழுக்காமல் இறங்கும். எங்கே ஜன்னல் வேண்டும் என்று கோடு போடுவது மட்டும் குழந்தையின் உரிமை. கூரையில் போடச் சொன்னால் கூரையிலேயே போடுங்கள்.

இனி காற்றாடி. 15 செ.மீ. சதுரத் தாள் ஒன்று, சாதாரணத் தாளைவிடச் சற்றே விறைப்பாக. சார்ட் பேப்பர் வேண்டாம், அது சுற்றுவதற்குப் பாரம். மூலைக்கு மூலை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் மடிப்புக் கோட்டில் 8 செ.மீ. வெட்டுங்கள். நடுவைச் சுற்றி ஏறக்குறைய இரண்டரை செ.மீ. வெட்டாமல் இருக்க வேண்டும். இப்போது எட்டு முனைகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கு முனைகளை நடுப்புள்ளிக்கு வளைத்துக் கொண்டுவந்து குண்டூசியால் குத்துங்கள். வளைக்க வேண்டும், மடித்து அழுத்திவிடக்கூடாது. மடிப்பு விழுந்த மடலில் காற்று தங்காது.

சுற்றாத காற்றாடியில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஓட்டை. தாளில் உள்ள துளை ஊசியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஊசியைச் செருகியபின் ஏழெட்டு முறை சுழற்றித் தளர்த்துங்கள். இரண்டாவது, உரசல். ஸ்ட்ராவிலிருந்து 5 மி.மீ. துண்டு வெட்டி, தாளுக்கும் குச்சிக்கும் இடையில் கோத்துவிட்டால் மடல் குச்சியில் இடிக்காது. மூன்றாவது, ஊசியை இறுக்கிக் குத்தியது. தலைக்கும் தாளுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி விடுங்கள். குச்சிக்குப் பதிலாக, பின்முனையில் அழிப்பான் உள்ள பென்சிலில் குத்தினால் வேலை சுலபம். ஊசி முனை அழிப்பானுக்கு வெளியே தெரிந்தால் குறட்டால் வெட்டி, மேலே டேப் சுற்றுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கையில் இதைக் கொடுக்காமல், எட்டாத உயரத்தில் ஜன்னல் ஓரம் செருகி வைத்துக் காட்டலாம்.

காகிதக் கூழ்க் கிண்ணம் பொறுமை கேட்கும் வேலை. நான்கு வயதுக்கு மேல் நன்றாக வரும். அரை கப் மைதாவை அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள். ஆறும்போது கெட்டிப்படும். ஒரு மேஜைக்கரண்டி உப்பு சேர்த்தால் பூஞ்சை தள்ளிப்போகும். செய்தித்தாளை இழைப்போக்கில் இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள். கிழிந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள்தான் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்கும். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டுங்கள், அப்போதுதான் காய்ந்தபின் கழன்று வரும். அதற்குமேல் பசை தடவிய பட்டைகள், இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்து அதிகப் பசையை வழித்துவிட்டு.

ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மேலே காய்ந்து, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்கிறது. இரண்டு அடுக்கு, ஒரு நாள் காயவிடுதல், மீண்டும் இரண்டு அடுக்கு. மொத்தம் ஐந்தாறு போதும். எத்தனை அடுக்கு ஆயிற்று என்று குழப்பம் வராமல் இருக்க, ஒரு அடுக்கு எழுத்துள்ள தாள், அடுத்தது வெற்றுத்தாள் என்று மாற்றி ஒட்டலாம். விடுபட்ட இடம் குழந்தையின் கண்ணுக்கே தெரியும்.

மாவும் சோப்பும்

விளையாட்டு மாவைப் பச்சையாகவும் பிசையலாம், அடுப்பில் வைத்தும் கிளறலாம். அடுப்பு மாவுதான் எங்கள் தேர்வு. மிருதுவாக வரும், பல வாரம் நிற்கும். தவிர, பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதில் வேகவைத்த மாவே நல்லது.

இரண்டு கப் மைதா, ஒரு கப் தூளுப்பு, இரண்டு மேஜைக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் வேலையில் பயன்படும் புளிப்புப் பொடி), இரண்டு மேஜைக்கரண்டி சமையல் எண்ணெய், இரண்டு கப் தண்ணீர். நிறம் வேண்டுமானால் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள், பிறகு சேர்த்தால் திட்டுத்திட்டாக இருக்கும். எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். திடீரென்று அடியில் கெட்டிப்பட்டு, கரண்டியோடு உருண்டு வரும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஐந்து நிமிடம் பிசையுங்கள். கிரீம் ஆஃப் டார்ட்டர் கிடைக்காவிட்டால் அதே அளவு எலுமிச்சைச் சாறு ஊற்றலாம்.

மாவு கையில் ஒட்டினால் உடனே மேலே மைதாவைத் தூவத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த மைதா வேகாதது, நாளைக்கே மாவு பொடிப்பொடியாக உதிரும். ஒட்டுவதற்குக் காரணம் போதுமான அளவு வேகாததுதான். மறுபடி அடுப்பில் ஒரு நிமிடம் கிளறினால் சரியாகிவிடும். நறநறவென்று இருந்தால் கல்லுப்புப் போட்டிருப்பீர்கள், அது கரைந்திருக்காது. மழை நாட்களில் நன்றாக இருந்த மாவும் வியர்க்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவு அதன் வாய்க்கு எட்டவே கூடாது. இத்தனை உப்பு நாய்க்கு நஞ்சு. கடித்துத் தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கார்ன்ஃப்ளாரும் தண்ணீரும் மட்டும் வைத்து இன்னொரு வேடிக்கை உண்டு. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். ஓங்கித் தட்டினால் கல்போல் இறுகும், விரலை மெல்ல விட்டால் பால்போல் உள்ளே இழுக்கும். வெள்ளையாக, பட்டுப்போல் இருக்கும் மக்காச்சோள ஸ்டார்ச்தான் வேண்டும். தானியத்தை அப்படியே அரைத்த மாவு இந்த வேடிக்கையைக் காட்டாது. முடிந்ததும் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காயவிட்டுப் பொடியாக்கிக் குப்பையில் போடுங்கள்.

சோப்புக் குமிழிக்கு ஆறு கப் தண்ணீர், ஒரு கப் பாத்திரம் கழுவும் திரவம், கால் கப் கிளிசரின். நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய குமிழிக்கு நுரைதான் எதிரி. மேலே நுரை மிதந்தால் கரண்டியால் வழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கிளிசரின் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்துவதால் குமிழியின் தோல் அதிக நேரம் தாங்கும்.

ஆள் உயரக் குமிழிக்கு, 60 செ.மீ. நீளக் குச்சிகள் இரண்டு, ஒன்றரை மீட்டர் பருத்திக் கயிறு. கயிற்றை வளையமாக்கி இரு குச்சிகளின் முனையிலும் கட்டுங்கள், மேல்பக்கம் அரை மீட்டர், கீழே தொங்குவது ஒரு மீட்டர். கீழ்க் கயிற்றின் நடுவில் ஒரு வாஷர் கோத்தால் முக்கோணமாக நிற்கும். நைலான் கயிறு உதவாது. பருத்தி நூல்தான் கரைசலைக் குடித்து வைத்துக்கொண்டு, குமிழி வளர வளர ஊட்டிக்கொண்டே இருக்கும். குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து முக்கி, சேர்த்தபடியே தூக்கி, மெல்ல விரித்துப் பின்னோக்கி நடக்க வேண்டும். குச்சிகளை மறுபடி சேர்த்தால் குமிழி அறுந்து பறக்கும். இதற்கு நேரம் முக்கியம். காற்றில் ஈரமுள்ள அதிகாலையிலும், காற்று அடங்கிய மாலையிலும், மழை விட்ட பிறகும் நன்றாக வரும். உச்சிவெயிலில் முயன்று, கரைசல் சரியில்லை என்று திரவத்தை மேலும் மேலும் ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள்.

கொல்லைக்கு வந்தால்

முதலில் தண்ணீரைப் பற்றி. 5 செ.மீ. ஆழத் தண்ணீர் ஒரு சின்னக் குழந்தையை மூழ்கடிக்கப் போதும். வாளியில் தலைகீழாக விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தையால் எழ முடியாது, கத்தவும் முடியாது. ஆகவே தண்ணீர் விளையாட்டு நடக்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட வேண்டும். கொசுவும் வராது.

மணல்குழி

இரண்டு குழந்தைகளுக்கு 1.2 மீட்டர் சதுரம் தாராளம். பாதி நாளாவது நிழல் விழும் இடம், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியும் இடம். புல்லைச் செதுக்கி, தரையைச் சமப்படுத்தி, 25 செ.மீ. உயரப் பலகைகளால் சட்டம் அடியுங்கள். பலகை ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள். எந்த மருந்து ஏறியது என்று தெரியாத பழைய மரத்தைத் தவிருங்கள். மரத்தைக் காக்க முன்பு ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றும் வழக்கம் இருந்தது.

அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தால் மழைத்தண்ணீர் தேங்கி, மணல் அழுகல் வாடை அடிக்கும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் நெய்த துணி விரிப்பே சரி. 20 செ.மீ. உயரம் மணல் நிரப்புங்கள். கணக்குப் போட்டால் 0.29 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 460 கிலோ. பார்ப்பதற்குச் சின்னக் குழிதான், சுமக்கும்போதுதான் தெரியும். இரண்டு மூன்று மூட்டையில் முடியும் என்று நினைத்துச் சட்டத்தைப் பெரிதாக அடித்துவிடாதீர்கள். கழுவிச் சலித்த மணலாக இருக்கட்டும். கல்லை உடைத்து அரைத்த மணல் முனை கூர்மையாகத் தோலை உரசும், அதன் தூசி நுரையீரலுக்கும் ஆகாது.

காய்ந்த மணலில் எதுவும் நிற்காது. மணிகளுக்கு நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தால், அது பாலம்போல் மணிகளை இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் அதிகமாகி இடைவெளி முழுதும் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும், மணல் குழம்பாக ஓடும். எட்டு வாளி மணலுக்கு ஒரு வாளி தண்ணீர் சரியான அளவு. ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரியுங்கள். உருண்டை உடையாமல், சொட்டாமல் நின்றால் கோட்டை கட்டலாம். இந்தச் சோதனையைக் குழந்தைக்கே கற்றுக்கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை அரைமணி நேரத்தில் தானாகவே அளவு பிடித்துக்கொள்ளும்.

இரவில் மூடி வைப்பது கட்டாயம். பூனைக்கு மணல்குழி என்றால் கழிப்பிடம், அதன் மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். மூடியில் நான்கைந்து சின்னத் துளைகள் இட்டால் ஈரம் வெளியேறும். வாரம் ஒருமுறை வாருகோலால் கிளறிவிடுங்கள்.

சேற்றுச் சமையலறை

உறுதியான இரண்டு மரப்பெட்டி, மேலே 1 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலப் பலகை. இவ்வளவுதான் அடிப்படை. உயரம் மட்டும் அளந்து செய்ய வேண்டும். குழந்தை நிற்கும்போது அதன் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பலகை இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோளைத் தூக்கிக்கொண்டே பிசையும், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். பலகையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி வட்டமாக அறுத்தால், விளிம்பு பலகையில் உட்காரும், கிண்ணம் கழுவுதொட்டியாகிவிடும்.

பாத்திரங்கள் பொம்மையாக வேண்டாம். வீட்டில் ஒதுக்கிய நிஜக் கரண்டி, வடிகட்டி, மூடி, அளவுக் கப் கொடுங்கள். எடையும் ஓசையும் உள்ள பாத்திரத்தில்தான் குழந்தை உண்மையாகச் சமைக்கும். கண்ணாடியும் பீங்கானும் மட்டும் கூடாது. தண்ணீருக்குக் குழாய் இணைப்புத் தராமல், திருகுக்குழாய் வைத்த 5 லிட்டர் கேன் வையுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. இருக்கும் தண்ணீரை எதற்குச் செலவிடுவது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பதைக் கேட்கவே நன்றாக இருக்கும்.

எல்லா மண்ணும் சேறாகாது. ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுங்கள் (இதைப் பெரியவர் செய்யட்டும்). மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும், வண்டல் அதன்மேல் சில மணி நேரத்தில் படியும், களிமண் மறுநாளும் கலங்கலாக மிதக்கும். களி அதிகமான மண்ணில் செய்த பணியாரம் காயும்போது சுருங்கி வெடிக்கும். கொஞ்சம் மணலோ, நறுக்கிய காய்ந்த புல்லோ சேர்த்தால் வெடிப்பு குறையும். வெறும் மணல் மண்ணென்றால் உருண்டையே பிடிக்காது, களி சேர்க்க வேண்டும். பழைய கட்டடச் சுவரோரத்து மண்ணை எடுக்காதீர்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த இடங்களில் ஈயம் இருக்கலாம். எருவும் விலங்குக் கழிவும் கலந்த மண்ணும் வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணைப்படி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

தண்ணீர்ச் சுவர்

ஒரு கம்பிவலைச் சட்டத்தை வேலியில் கட்டி, அதில் பிளாஸ்டிக் பாட்டில், பாதியாக அறுத்த குழாய், புனல் ஆகியவற்றை மாட்டினால் மேலே ஊற்றிய தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வரும். பெரியவர்கள் செய்யும் தவறு எல்லாவற்றையும் கேபிள் டையால் இறுக்கி அழகாக முடித்துவிடுவது. முடிந்த சுவரில் குழந்தை இரண்டு நாள் தண்ணீர் ஊற்றும், மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்காது. சட்டத்தை மட்டும் நீங்கள் இறுக்குங்கள். பாட்டில்களைக் கொக்கியிலோ துணிக்கிளிப்பிலோ மாட்டிவிட்டு, இடம் மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

30 செ.மீ. நீளக் குழாய்க்கு 3 முதல் 5 செ.மீ. சரிவு போதும். அதிகமானால் தண்ணீர் அடுத்த வாயைத் தாண்டிப் பாயும். நடுவில் வழிகிறதென்றால் மேலே இருப்பதன் வாய் பெரிதாகவும் கீழே இருப்பதன் வாய் சிறிதாகவும் இருக்கும், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். அறுத்த ஓரம் எல்லாவற்றிலும் துணி டேப் ஒட்டுங்கள். மேல்பாட்டில் குழந்தையின் தோளுயரத்துக்குமேல் போக வேண்டாம், ஏறி நிற்க முயலும்.

நடைபலகை, டின் கால்கள்

நடைபலகைக்கு 2 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனமுள்ள பலகை, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில். செங்கல்மேல் வெறுமனே வைத்தால் புரளும், தாங்குகட்டையோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். இருபுறமும் புல்தரையாக இருந்தால் நல்லது.

டின் கால்கள் நான்கு வயதுக்குமேல். 10 செ.மீ. விட்டமாவது உள்ள இரண்டு ஒரே அளவு டின்கள் வேண்டும். திறந்த ஓரத்தின் பிசிறுகளைச் சுத்தியலால் உள்ளே தட்டி, துணி டேப் ஒட்டுங்கள். திறந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மூடிய பக்கத்துக்கு 2 செ.மீ. கீழே, எதிரெதிராக இரண்டு துளைகள். கயிற்றை வெளியிலிருந்து நுழைத்து, உள்ளே பெரிய முடிச்சுப் போட வேண்டும். கயிற்றின் நீளத்தைக் குத்துமதிப்பாக வெட்டாதீர்கள். குழந்தையை டின்மேல் நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, கையிலிருந்து டின்வரை அளந்து, இரட்டிப்பாக்கி, முடிச்சுகளுக்கு 20 செ.மீ. சேருங்கள். கையிலிருந்து டின் 40 செ.மீ. என்றால் ஒரு காலுக்கு 1 மீட்டர். கயிறு நீண்டுவிட்டால் பாதம் மட்டும் தூக்கும், டின் தரையிலேயே நிற்கும், குழந்தை முன்னால் விழும். விழுவதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான். வழுக்கும் தரையில் விளையாடவிடாமல் மண் அல்லது புல்தரையில் பழக்குங்கள். கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் டின்னையும் கயிறுள்ள மற்ற எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள், மரத்திலோ வேலியிலோ கயிறு தொங்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை துளை ஓரத்தில் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுக்கயிறு மாற்றுங்கள், அப்போது குழந்தையை மறுபடி நிறுத்தி அளவெடுங்கள். அதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்.